வானத்து ஓசையும் நம் பிள்ளைகளின் ஆசையும்

ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில், தொழிலாளர் தின நீண்ட வார இறுதியில், ரொறன்ரோ ஏரிக்கரையில் விமானக் கண்காட்சி நடைபெறுகின்றது. ஒன்ராறியோ ஏரியின் மேலாகப் போர் விமானங்கள் சீறிப் பாய்கின்றன. அவற்றின் முழக்கம் வெகுதூரம் கேட்கின்றது. அம்முழக்கம் எழுந்ததும் நம்மவர் வீடுகளில் இருவேறு செயல்கள் நிகழ்வதை நாம் கண்டிருக்கின்றோம். பிள்ளைகள் மாடி முகப்புக்கு ஓடுகின்றனர். பெரியோர் சாளரங்களை அடைக்கின்றனர். ஓசை ஒன்றே. ஒரு தலைமுறைக்கு அது வேடிக்கை. மற்றத் தலைமுறைக்கு அது பதுங்குகுழியின் நினைவு.

நம் பள்ளியின் பேச்சுப் போட்டி ஒன்றில் "எனது எதிர்காலம்" என்னும் தலைப்பில் உரையாற்றிய எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கனேடிய வான்படையில் விமானியாக விரும்புவதாகக் கூறினாள். மருத்துவர், பொறியியலாளர், சட்டத்தரணி, கணக்காளர் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய அவை ஒரு கணம் அமைதியாயிற்று. கைதட்டல் பின்னரே எழுந்தது. அதுவும் சற்றுத் தயங்கியே எழுந்தது. மேடையிலிருந்து இறங்கி வந்த அப்பிள்ளையிடம் அவளுடைய அம்மம்மா, "அந்தச் சத்தம் உனக்குத் தெரியாது, பிள்ளை" என்று மட்டுமே சொன்னார். பிள்ளைக்கு விடை தெரியவில்லை. அம்மம்மாவும் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அன்று அங்கே நின்றுபோன அந்த உரையாடலைத் தொடரும் முயற்சியே இக்கட்டுரை.

பிள்ளைகள் இவ்வாறு கேட்கும்போது நம்மவரிடையே இரண்டு விடைகளே வழக்கில் உள்ளன. "அந்தப் பேச்சே வேண்டாம்" என்பது ஒன்று. "நம் இனத்திலும் ஒரு போர் விமானியா!" என்று பூரித்து, அப்பிள்ளையின் ஒளிப்படத்தை எல்லோருக்கும் அனுப்பி மகிழ்வது மற்றையது. பண்டைத் தமிழர் வானூர்தியை அறிந்திருந்தனர் என்று விழா மேடைகளில் முழங்கும் நாமே, வீட்டிலே ஒரு பிள்ளை வானூர்தி ஓட்ட வேண்டும் என்றதும் பேச்சை மாற்றிவிடுகின்றோம் என்பதும் உண்மையே. அச்சமோ பெருமையோ இக்கேள்விக்கு விடையாகாது. கேட்கும் பிள்ளைக்கு இரண்டு செய்திகளைச் சொல்ல நாம் கடமைப்பட்டுள்ளோம். அந்தப் பாதையில் என்னென்ன உள்ளன என்பது ஒன்று. விமானத்தின் கீழே வாழ்ந்த நமக்கு என்ன நேர்ந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் அறிந்தபின் முடிவு செய்யும் உரிமை பிள்ளைக்கே உரியது. இதுவே நம் கருத்து.

இலங்கையிலிருந்து சென்ற யானை

கனேடிய வான்படைக்கும் நாம் பிறந்த தீவுக்கும் இடையே பழைய தொடர்பு ஒன்று உண்டு. அதனைப் பிள்ளைகள் அறியார்; பெற்றோரிலும் பலர் அறியார்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 வசந்த காலத்தில், கனேடிய வான்படையின் 413 ஆம் விமான அணி இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலைக்கு அனுப்பப்பட்டது. ஏப்ரல் 4 ஆம் நாள், லெனார்ட் பேர்ச்சல் என்னும் கனேடிய விமானியின் தலைமையில், கற்றலினா என்னும் நீரில் இறங்கும் விமானம் ஒன்று ஒன்பது பேருடன் புறப்பட்டது. பகல் முழுவதும் இந்துமாக்கடலைச் சுற்றிக் கண்காணித்தபின், திரும்பும் வேளை நெருங்கியபோது தெற்குத் தொடுவானில் சில புள்ளிகள் தெரிந்தன. அவை யாவை எனக் காண அருகே சென்றனர். விமானந்தாங்கிக் கப்பல்களுடன் இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியப் பெருங்கடற்படையே அது. அச்செய்தியை வானொலி மூலம் அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே கற்றலினா சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பதின்மரில் மூவர் மாண்டனர். எஞ்சிய அறுவர் சிறைப்பட்டனர். பேர்ச்சல் போர் முடியும்வரை ஜப்பானியச் சிறைமுகாம்களில் துன்புற்றார்.

மறுநாள், ஏப்ரல் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9 ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதன் சிதைவு இன்றும் அக்கடலடியில் கிடக்கின்றது. எனினும் முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கையால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் பல வெளியேற முடிந்தது. பேர்ச்சலை "இலங்கையின் மீட்பர்" என்று அக்காலச் செய்தித்தாள்கள் போற்றின. அவர் 2004 இல் ஒன்ராறியோவின் கிங்ஸ்ரன் நகரில் காலமானார்.

413 ஆம் அணியின் சின்னத்தில் மேப்பிள் இலையின் மேல் ஒரு யானைத் தலை உள்ளது. கனடாவில் காட்டு யானை ஏது? அது அவ்வணி இலங்கையில் பணியாற்றிய காலத்தின் நினைவு. அதே அணி இன்று நோவா ஸ்கோசியாவின் கிறீன்வூட் தளத்திலிருந்து, கடலிலும் காட்டிலும் ஆபத்தில் சிக்கியோரைத் தேடி மீட்கும் பணியைச் செய்கின்றது.

இவ்வரலாற்றை நாம் இங்கே சொல்லக் காரணம் உண்டு. அன்று கொழும்புக்கு மேலே குண்டுவீச வந்தோரும் வானோடிகளே. அவர்களின் வருகையை அறிவித்து உயிர்களைக் காக்க முயன்றோரும் வானோடிகளே. பொறி தன்னளவில் நன்மையும் தீமையும் அறியாது. அதனை எவர், எவருடைய கட்டளையால், எதற்காகச் செலுத்துகின்றனர் என்பதே வினா. இப்பணியை நாடும் பிள்ளை முதலிற் கற்க வேண்டிய பாடம் இது.

விமானி ஒருவர்; வானோடிகள் பலர்

அந்தக் கற்றலினாவில் ஒன்பது பேர் இருந்தனர் என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். இருப்பிடத்தைக் கணித்தவர், வானொலியை இயக்கியவர், பொறிகளைக் கவனித்தவர், சுடுகலன்களை ஏந்தியவர் ஆகிய யாவரும் சேர்ந்தே அப்பணியை நிறைவேற்றினர். இன்றும் நிலைமை அதுவே. ஆனால் நம் பிள்ளைகள் விமானி என்னும் ஒரு சொல்லை மட்டுமே அறிந்து வைத்திருக்கின்றனர்.

கனேடிய வான்படையில் விமானிக்கு அடுத்து, வான்போர் அமைப்பு அலுவலர் என்னும் அதிகாரி உள்ளார். முற்காலத்தில் வழிகாண் அலுவலர் என்று அழைக்கப்பட்டவர் இவரே. கடற்கண்காணிப்பு விமானங்களிலும் உலங்குவானூர்திகளிலும் பணியின் போக்கைத் திட்டமிட்டு நடத்துபவர் இவர். ரேடார், நீரொலிக் கருவிகள் ஆகியவற்றை இயக்கி நீர்மூழ்கிகளைத் தேடும் இலத்திரனியல் உணரி இயக்குநர் உள்ளார். விமானத்தின் பொறிகளைப் பறப்பின்போதே கவனிக்கும் விமானப் பொறியாளர் உள்ளார். சரக்கு விமானத்தில் எடையைச் சமநிலைப்படுத்தி ஏற்றி, பரசூட் மூலம் இறக்கும் பொறுப்பாளர் உள்ளார். செம்மஞ்சள் நிற உடை அணிந்து, பனிக்காட்டிலும் கொந்தளிக்கும் கடலிலும் குதித்துக் காயமுற்றோருக்கு முதற் சிகிச்சை அளிக்கும் தேடல் மீட்புத் தொழில்நுட்பவியலாளர் உள்ளார்.

இவர்களுட் சிலருக்குப் பட்டப்படிப்பு தேவை, சிலருக்குத் தேவையில்லை. "விமானியாக முடியாவிடின் எல்லாம் முடிந்தது" என்று மனமுடையும் பிள்ளைக்கு இவ்விவரத்தை முன்னரே சொல்லி வைத்தல் நலம். விமானிப் பயிற்சியில் தொடர முடியாதோர் வேறு துறைக்கு மாற்றப்படுவது அங்கு வழமையான நடைமுறை. அதனை இழுக்கென எவரும் கருதுவதில்லை. "தேறினாளா, தவறினாளா" என்று மட்டுமே கேட்டுப் பழகிய நம் சமூகமே இதில் மாற வேண்டும்.

பாதையின் தொடக்கம்

கனடாவில் இப்பாதைக்கு எளிய வாயில் ஒன்று உண்டு. அது 1941 இல் தொடங்கப்பட்ட வான் மாணவர் படை; எயர் கடெற்ஸ் என்றால் எல்லோருக்கும் விளங்கும். 12 வயது முதல் 18 வயது வரையுள்ளோர் சேரலாம். சேர்வதற்குக் கட்டணம் இல்லை. சீருடையும் அவர்களே தருகின்றனர். பெற்றோர் பலர் அஞ்சும் ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். இம்மாணவர்கள் படைவீரர்கள் அல்லர். பின்னர் படையில் சேர வேண்டும் என்ற கடப்பாடும் அவர்களுக்கு இல்லை. அணிவகுப்பு, தலைமைத்துவம், மேடைப் பேச்சு, வானிலை, பறப்பின் விதிகள் ஆகியவற்றைக் கற்று, மருத்துவராகவோ ஆசிரியராகவோ செல்வோரே மிகப் பலர்.

கடும் போட்டியில் தேர்வு பெறுவோர், கோடை விடுமுறையில் பொறியில்லாத கிளைடர் விமானத்தைச் செலுத்தக் கற்று உரிமம் பெறலாம். கார் ஓட்டப் பழகத் தொடங்கும் அதே 16 வயதில் இவ்வாய்ப்பு கிடைக்கின்றது. அடுத்த ஆண்டில் பொறியுள்ள சிறு விமானத்துக்கான பயிற்சிக்கும் போட்டியிடலாம். தனியார் பள்ளிகளில் பல்லாயிரம் டொலர் செலவாகும் பயிற்சி, தேர்வு பெற்ற பிள்ளைக்குச் செலவின்றிக் கிடைக்கின்றது.

இவ்வணிகள் பெரும்பாலும் வார நாள் மாலையிற் கூடுவன. ஆதலின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைக் காட்டிக் கடெற்றைத் தடுக்கவும் வேண்டாம். கடெற்றைக் காட்டித் தமிழ் வகுப்புக்கு விடை கொடுக்கவும் வேண்டாம்.

பள்ளிப் பாடங்களுள் கணிதமும் பௌதிகமும் இன்றியமையாதன. கணிப்பொறி எல்லாவற்றையும் செய்துவிடும் என்று எண்ணற்க. பறந்துகொண்டே மனக்கணக்குப் போட வேண்டும். எடுத்துக்காட்டாக ஒன்று: திசை 1 பாகை தவறினால், 60 கடல்மைல் சென்றபின் ஏறத்தாழ 1 கடல்மைல் விலகியிருப்போம். மற்றொன்று: 10,000 அடி உயரத்தைச் சீராக இழந்து இறங்க வேண்டுமாயின், ஏறத்தாழ 30 கடல்மைலுக்கு முன்னரே இறங்கத் தொடங்க வேண்டும். இவற்றைக் கோணங்களைக் கொண்டு நிறுவிப் பார்க்குமாறு மேல்வகுப்பு மாணவரை வேண்டுகின்றோம்.

கணிதத்தினும் முதன்மையானது ஒழுங்கு. 1935 ஒக்ரோபர் 30 ஆம் நாள், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், புதிதாக அமைக்கப்பட்ட போயிங் குண்டுவீச்சு விமானம் ஒன்று சோதனைப் பறப்பில் எழுந்தவுடனேயே விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் மிகத் தேர்ந்த சோதனை விமானி. நிலத்தில் நிற்கும்போது காற்றில் அசையாதிருக்கும் பொருட்டு வால்பகுதிக்கு இடப்படும் பூட்டினை விடுவிக்க மறந்தமையே விபத்துக்குக் காரணம். தேர்ந்தவரும் மறப்பர் என்பதை உணர்ந்தபின், ஒவ்வொரு செயலையும் வாசித்து உறுதிசெய்யும் சரிபார்ப்புப் பட்டியல் வழக்குக்கு வந்தது. இன்று அப்பட்டியலின்றி எந்த விமானமும் எழுவதில்லை. அறுவைச் சிகிச்சைக் கூடங்களும் அம்முறையைக் கைக்கொண்டுள்ளன. துணிவுள்ளோர்க்கே இத்தொழில் என்று திரைப்படங்கள் காட்டுகின்றன. உண்மையில் "நான் மறக்கக்கூடியவன்" என்று ஒப்புக்கொள்வோரையே இத்தொழில் நாடுகின்றது.

தேர்வும் பயிற்சியும்

வான்படை அதிகாரியாக விரும்புவோர் பெரும்பாலும் பட்டதாரிகளாய் இருத்தல் வேண்டும். கிங்ஸ்ரனில் 1876 இல் தொடங்கிய அரச படைத்துறைக் கல்லூரியிலோ பிற பல்கலைக்கழகங்களிலோ படிப்போரின் கல்விக் கட்டணத்தை அரசே செலுத்திச் சம்பளமும் வழங்கும் திட்டம் உள்ளது. இது நம் பெற்றோருக்கு இனிக்கும் செய்தி. ஆனால் அதன் மறுபக்கத்தையும் அறிதல் வேண்டும். கற்பித்த நாட்டுக்குப் பல ஆண்டுகள் பணியாற்றும் கடப்பாடு அதனுடன் சேர்ந்தே வருகின்றது. விமானியாயின், சிறகுச் சின்னம் பெற்ற நாளிலிருந்து அக்கடப்பாடு மேலும் நீள்கின்றது. "படித்துவிட்டு வெளியே வந்து பயணிகள் விமானம் ஓட்டலாம்" என்று கணக்குப் போடுவோர், கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை வரிவரியாக வாசிக்க வேண்டும்.

வானோடிகளுக்கான தேர்வு ஒன்ராறியோவின் திரென்ரன் தளத்தில் நடைபெறுகின்றது. கண்ணும் கையும் ஒத்தியங்குதல், இடத்தையும் திசையையும் மனத்தில் உருவகித்தல், ஒரே வேளையில் பல பணிகளைக் கவனித்தல் ஆகியன கணினி முன் சோதிக்கப்படுகின்றன. புத்தகத்தை மனனம் செய்து இத்தேர்வில் தேற இயலாது. ரொறன்ரோவில் நுணுக்கமான மருத்துவச் சோதனையும் உண்டு. மூக்குக்கண்ணாடி அணியும் பிள்ளைகள் தாமாகவே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. பார்வைக்கான விதிகள் முன்னரிலும் தளர்ந்துள்ளன. உரிய மருத்துவரிடம் கேட்டறிக. நிரந்தர வதிவுரிமை பெற்றோரும் 2022 முதல் விண்ணப்பிக்க முடிகின்றது. பாதுகாப்பு ஆய்வு மட்டும், வேறு நாடுகளில் வாழ்ந்தோருக்கு நீண்ட காலம் எடுக்கக்கூடும். பொறுமை வேண்டும்.

பின்னர் கியூபெக்கின் சென்-ஜான் நகரில் அதிகாரிகளுக்கான அடிப்படைப் பயிற்சி. அங்கே விமானம் இல்லை. சேறும் குளிரும் உறக்கமின்மையும் உள்ளன. அதன் பின்னரே பறத்தல். மனிற்றோபாவின் போட்டேஜ் லா பிரெயறியும் சஸ்கற்சுவானின் மூஸ் ஜோவும் விமானிப் பயிற்சிக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற இடங்கள். தொடக்கத்தில் சிறு விமானம். அடுத்து விரைவு மிக்க பயிற்சி விமானம். அதன்பின் போர் விமானம், பல்பொறி விமானம், உலங்குவானூர்தி என மூன்று கிளைகளாகப் பாதை பிரிகின்றது. எக்கிளை என்பதைப் பயிற்சியிற் காட்டும் திறனும் படையின் தேவையுமே முடிவு செய்கின்றன. பிள்ளையின் விருப்பம் அவற்றுக்குப் பின்னரே.

இப்போது இப்பயிற்சி முறை முழுவதும் மாற்றம் அடைந்து வருகின்றது. ஹோக் என்னும் பயிற்சி ஜெற் விமானங்கள் 2024 இல் ஓய்வு பெற்றன. போர் விமானப் பயிற்சியின் ஒரு பகுதி நேச நாடுகளில் வழங்கப்படுகின்றது. அதே 2024 இல் புதிய பயிற்சித் திட்டத்துக்காக 25 ஆண்டு ஒப்பந்தம் ஒன்றைக் கனேடிய அரசு செய்தது. மாற்றக் காலத்தில் தாமதம் இயல்பு. ஒரு கட்டம் முடிந்து மறு கட்டம் தொடங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். படையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பணி அணியில் முழுமையான விமானியாக அமரும் நாள்வரை பல ஆண்டுகள் கழியும் என்பதை மனத்தில் இருத்துக.

உடலும் பெருஞ் சோதனைக்கு உட்படுகின்றது. போர் விமானம் விரைந்து திரும்பும்போது விமானியின் உடல் தன் எடையைப்போல் பல மடங்கு கனக்கின்றது. குருதி கால்களை நோக்கி இறங்க, மூளைக்குச் செல்லும் குருதி குறைந்து பார்வை மங்கி நினைவு இழக்கக்கூடும். இதனைத் தடுக்கும் உடையை இரண்டாம் உலகப் போரின்போது உருவாக்கியவர் வில்பர் பிராங்ஸ் என்னும் ரொறன்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர். நீர் நிரப்பிய அவ்வுடை 1942 இல் போரிற் பயன்பட்டது. அவர் அதற்கு முன் புற்றுநோய் ஆய்வில் ஈடுபட்டிருந்தவர். விமானத்தை விரும்பும் மாணவர் மருத்துவத்தையும் ஆய்வையும் விட்டுவிட வேண்டியதில்லை என்பதற்கு அவரே சான்று.

பெண் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்

பேச்சுப் போட்டியில் அந்த மாணவி பேசியபோது, "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை?" என்ற முணுமுணுப்பும் நம் காதில் விழுந்தது. டீனா பிரஸர் என்னும் கனேடியப் பெண் 1972 இல் படையில் எழுத்தராகச் சேர்ந்தார். அக்காலத்தில் விமானம் ஓட்டப் பெண்களுக்கு அனுமதி இல்லை. அக்கதவு திறந்தபோது அவர் ஆயத்தமாய் இருந்தார். 1989 இல் அவரும் ஜேன் பொஸ்ரரும் சி.எஃப்.-18 போர் விமானத்தைச் செலுத்தும் தகுதி பெற்ற முதல் கனேடியப் பெண்களாயினர். இன்று எல்லாத் துறைகளும் பெண்களுக்குத் திறந்துள்ளன. மூடியிருப்பது நம் வீட்டுக் கதவு ஒன்றாக இருந்துவிடலாகாது.

ஆபத்தும் அறமும்

இதுவரை சொன்னவை எவரும் தேடி அறியக்கூடியவை. இனிச் சொல்வதை வேறெவரும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லார். நாமே சொல்ல வேண்டும்.

முதலாவது, இப்பணியில் உயிர் போகும். போரில் மட்டுமன்று, பயிற்சியிலும் போகும். இரண்டாம் உலகப் போரின்போது கனடா ஒரு பெரும் வான்பயிற்சிக் கூடமாக விளங்கியது. பொதுநலவாய நாடுகளின் கூட்டுத் திட்டத்தின் கீழ் 1,31,000 இற்கு மேற்பட்ட வானோடிகள் இங்கே பயிற்றப்பட்டனர். அப்பயிற்சியிலேயே நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பழங்கதை என்று இதனை ஒதுக்க வேண்டாம். 2023 யூன் மாதத்தில், ஒட்டாவா ஆற்றில், இரவுப் பயிற்சியில் ஈடுபட்டிருந்த உலங்குவானூர்தி ஒன்று விழுந்து இருவர் உயிரிழந்தனர். ஆட்சேர்ப்பு விளம்பரத்தில் இது வராது.

இரண்டாவது, இவ்வான்படை மீட்புப் பணி மட்டும் செய்வதன்று. கனேடியப் போர் விமானங்கள் 1999 இல் கொசோவோப் போரிலும், 2011 இல் லிபியாவிலும், 2014 முதல் 2016 வரை ஈராக்கிலும் சிரியாவிலும் குண்டு வீசின. எங்கே செல்வது, எதைத் தாக்குவது என்பதை விமானி தேர்ந்தெடுப்பதில்லை. அரசு தீர்மானிக்கின்றது, அவர் செல்கின்றார். சீருடை அணியும் பிள்ளை இதனையும் சேர்த்தே அணிகின்றது. வெளிப்படையாகச் சட்டத்துக்கு மாறான கட்டளைக்குப் பணியலாகாது என்பது கனேடியப் படையினரின் கடமை. பொதுமக்களையும் போரிடுவோரையும் வேறுபடுத்த வேண்டும் என்பது அனைத்துலகப் போர்ச் சட்டம். இவை தாளில் எழுதப்பட்ட விதிகள். இவற்றுக்கு உயிர் தருவது அந்த இருக்கையில் அமர்ந்திருப்பவரின் மனச்சான்று.

மூன்றாவது, நம் கதை. 1995 யூலை 9 ஆம் நாள், யாழ்ப்பாணத்து நவாலியில், புனித பேதுருவானவர் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது வான்படை விமானம் குண்டு வீசியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மக்களைப் போல ஓடிப் பதுங்கிய அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. இரைச்சல் கேட்டதும் பாதிச் சோற்றுடன் எழுந்து ஓடியதும், பதுங்குகுழியின் ஈர மண்ணில் கைக்குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததும், விமானம் போனபின் யார் வீடு என்று விசாரித்துக்கொண்டு வெளியே வந்ததும் நம் நினைவில் உள்ளன. ஆனால் இந்நாட்டில் பிறந்த பிள்ளைகளிடம் இவற்றை நாம் சொல்வதில்லை. அவர்கள் மனம் நோகும் என்று மறைக்கின்றோம். மறைத்துவிட்டு, அவர்கள் விமானத்தை விரும்பினால் சினக்கின்றோம். இது நீதியன்று. சொல்லாத ஒன்றை அவர்கள் எவ்வாறு அறிவர்?

ஆதலின் அந்த அம்மம்மா, "உனக்குத் தெரியாது" என்ற சொல்லுடன் நிறுத்தியிருக்கக் கூடாது என்பது நம் பணிவான கருத்து. அருகில் இருத்தி, அந்தச் சத்தம் எப்படி இருந்தது, எவர் வீடு திரும்பவில்லை என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். அதைக் கேட்ட பிள்ளை இப்பாதையே வேண்டாமென்று முடிவு செய்யலாம். மீட்பு உலங்குவானூர்தியை நாடலாம். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தபின் போர் விமானத்தையே தேர்ந்தெடுக்கவும் கூடும். எதுவாயினும் அறிந்து எடுத்த முடிவாக இருக்கும். வான்படை இருக்கும்வரை எவரோ ஒருவர் அவ்விருக்கையில் அமரத்தான் போகின்றார். கீழே இருப்போரின் வீட்டில் அப்போது அடுப்பில் என்ன இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கக்கூடிய ஒருவர் அங்கே அமர்வது தீமையென்று நாம் கருதவில்லை. அக்கதையைக் கேட்டபின் அமர மறுப்பவரையும் நாம் கோழை என்று சொல்ல மாட்டோம்.

பறக்க வேண்டும், ஆனால் படை வேண்டாம் என்று முடிவு செய்வோருக்கும் வழிகள் உள. ஒன்ராறியோவில் வோட்டர்லூ பல்கலைக்கழகமும் செனெக்காக் கல்லூரியும் விமானத்துறையிற் பட்டம் வழங்குகின்றன. செலவு மிகுதி, ஆனால் கடப்பாடு இல்லை. மருத்துவ உதவி விமானங்களும் காட்டுத்தீயை அணைக்கும் நீர்வீச்சு விமானங்களும் இந்நாட்டுக்கு என்றும் தேவை.

பெற்றோரே! பிள்ளை வானத்தைக் காட்டிப் பேசும்போது மருத்துவப் படிப்பைக் காட்டிப் பேச்சை மாற்ற வேண்டாம். அருகிலுள்ள கடெற் அணிக்கு ஒருநாள் மாலை பிள்ளையுடன் நீங்களும் சென்று பாருங்கள். ஆட்சேர்ப்பு அலுவலரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைப் பிள்ளையுடன் இருந்து எழுதுங்கள்: எத்தனை ஆண்டு கடப்பாடு, பயிற்சியில் தவறினால் எங்கே மாற்றுவர், எந்தத் தளத்துக்கு அனுப்புவர் என்பன. அல்பேட்டாவின் கோல்ட் லேக் தளத்தில் இடியப்பக் கடையை எதிர்பார்க்கலாகாது என்பதையும் மறவாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! கணிதத்தைக் கைவிடாதீர்கள். உடலைப் பேணுங்கள். பிரெஞ்சு மொழியை வேண்டாவெறுப்பாகக் கற்காதீர்கள். கனேடியப் படையில் அதற்கு மதிப்பு உண்டு. தமிழையும் விடாதீர்கள். காரணம் சொல்கின்றோம். நீங்கள் கேட்டறிய வேண்டிய மிக முக்கியமான பாடம் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லை. அது உங்கள் அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் உள்ளது. அவர்கள் அதைத் தமிழில் மட்டுமே சொல்ல வல்லவர்கள்.

வருகின்ற செப்டெம்பரில் ஏரியின் மேல் மீண்டும் அந்த முழக்கம் எழும். அப்போது சாளரத்தை அடைக்கும் கையைப் பிடித்து, "அம்மம்மா, அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். அவரும் இம்முறை சொல்வாராக.